பிரசவத் துணைக்கு இடமுள்ள பிரசவ அறை

பிரசவ வலி தொடங்கியது முதல் குழந்தை பிறந்த பின்னான சில மணி நேரம் வரை, கர்ப்பிணியின் விருப்பப்படி அவருடனேயே இருக்கும் ஒருவர் பிரசவத் துணை எனப்படுகிறார். தாய், மாமியார், அக்கா, கணவர், தோழி, இதற்கெனப் பயிற்சி பெற்ற பெண் என யாரும் துணையாக இருக்கலாம். அவர் மருத்துவம் பார்ப்பவர் அல்லர். கையைப் பிடித்துக்கொள்வது, இடுப்பை நீவிவிடுவது, தண்ணீர் கொடுப்பது, நடக்கத் தோள் கொடுப்பது, செவிலியர் சொன்னதைப் புரியும்படி திருப்பிச் சொல்வது, வலி தாங்காமல் கத்தும்போது அதட்டாமல் அருகில் நிற்பது ஆகியவை அவரது பணிகள்.

பிரசவத் துணையை அனுமதிக்கும் அரசாணைகளும் வழிகாட்டுதல்களும் தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளாக உள்ளன. ஆனால் பிரசவ அறையைக் கட்டியவர்கள் அந்த மூன்றாவது ஆளைக் கணக்கில் வைத்துக் கட்டவில்லை. கட்டில் ஒன்று, அதில் கர்ப்பிணி, கால்மாட்டில் மருத்துவர் அல்லது செவிலியர் என்பதே பழைய வரைபடம். துணை எங்கே நிற்பார், எதில் உட்கார்வார், இரவில் எங்கே தலைசாய்ப்பார் என்பதற்கு அதில் விடையில்லை. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தைக் கண்முன் வைத்து இக்கேள்விகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டிலிருந்து வார்டுக்கு

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழ்நாட்டு வழக்கம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவார்கள். வலி எடுத்தால் மருத்துவச்சி வருவார். அவரோடு அம்மா, பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பாட்டி எனப் பெண்கள் கூடிவிடுவார்கள். அந்த முறையில் உயிரிழப்பு மிகுதியாக இருந்தது. இரத்தப்போக்கும் சன்னியும் தாய்மாரைக் கொண்டுபோயின. அதை மறந்து பழைய நாளைப் புகழ்வதில் பொருளில்லை. ஆனால் அந்த அறையில் பெண் தனியாக இருந்ததில்லை என்பதும் உண்மை.

சென்னை எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையின் வரலாறு 1844-இல் தொடங்குகிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல மருத்துவமனைப் பிரசவம் மாநிலம் முழுதும் பரவியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரச் செவிலியர் பணி, சீமாங் மையங்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் என ஒவ்வொன்றும் அந்தப் போக்கை விரைவுபடுத்தின. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மருத்துவமனைப் பிரசவ விகிதம் 99.6 சதவீதம்.

மருத்துவமனைக்குள் வந்ததும் கூடியிருந்த பெண்கள் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள். இதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. கிருமித் தொற்றைப் பற்றிய அச்சம் முதலாவது. ஒரே கூடத்தில் நான்கு, ஆறு பெண்கள் மறைப்பில்லாமல் படுத்திருப்பது இரண்டாவது. செவிலியரின் கைகள் போதாமை மூன்றாவது. இந்த மூன்றில் முதலாவதைச் சோப்பும் சுத்தமான உடையும் தீர்க்கும். இரண்டாவது முழுக்க முழுக்கக் கட்டடப் பிரச்சினை. மூன்றாவதும் பாதிக்குப் பாதி கட்டடப் பிரச்சினைதான்.

ஆணைகளின் வரிசை

தமிழ்நாடு அரசு 2004-ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவமனைகளில் உறவுப் பெண் ஒருவர் பிரசவத்தின்போது உடனிருக்க அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டிலேயே இதை முன்னெடுத்த மாநிலங்களில் இது முந்தியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியில் எல்லா மாநிலங்களுக்கும் இதே அறிவுறுத்தலை வழங்கியது. துணையாக வருபவர் தானும் பிள்ளை பெற்ற பெண்ணாக இருப்பது நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான உடை அணிய வேண்டும். கடைசிவரை உடனிருக்கச் சம்மதிக்க வேண்டும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. அறையில் உள்ள பிற பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள்.

அந்த அறிவுறுத்தலில் ஒரு வரி கட்டட வடிவமைப்பாளர்கள் கவனிக்கத் தக்கது. பிரசவ அறையில் தனிமறைவு கடைப்பிடிக்கப்படும் மருத்துவமனைகளில் கணவரையும் துணையாக அனுமதிக்கலாம் என்பதே அது. அதாவது, கணவர் உள்ளே வரலாமா கூடாதா என்பதைத் தீர்மானிப்பது கணவரோ மனைவியோ மருத்துவரோ அல்ல. படுக்கைகளுக்கு நடுவே திரை இருக்கிறதா என்பதுதான். ஒரு பெண்ணின் உரிமை திரைச்சீலைக் கம்பியில் தொங்குகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

2017 டிசம்பரில் தொடங்கிய லக்ஷ்யா திட்டம் பிரசவ அறைகளின் தரத்தை மதிப்பெண் போட்டு அளக்கிறது. பிரசவத் துணை, மறைப்பு, மரியாதையான நடத்தை ஆகியவை அதன் அளவுகோல்களில் இடம்பெற்றன. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு வழிகாட்டுதல்களில் மொத்தம் 56 பரிந்துரைகள் உள்ளன. பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணை எல்லாருக்கும் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கொரோனா காலத்தில் பல நாடுகளில் துணையை வெளியே நிறுத்தியபோதும் அந்நிறுவனம் தன் நிலையை மாற்றவில்லை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

துணை இருப்பதால் என்ன பயன் என்பதற்கு வலுவான சான்று காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 26 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்தது. தொடர்ச்சியான துணை கிடைத்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் சற்றுக் கூடுதலாக நடந்தது. அறுவைச் சிகிச்சை ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. வலி நேரம் சராசரியாக 40 நிமிடம் சுருங்கியது. பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் சோர்ந்திருந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. பிரசவத்தைக் கசப்பாக நினைவுகூர்ந்தவர்களும் குறைவு.

இதில் அடிக்கடி விடுபடும் ஒரு நுட்பம் உண்டு. அறுவைச் சிகிச்சை தெளிவாகக் குறைந்தது, துணை மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல் உறவினராகவும் இல்லாமல் பயிற்சி பெற்ற வெளியாளாக இருந்தபோதுதான். அம்மாவோ அக்காவோ உடனிருந்தபோது பெண்களின் மனநிறைவு உயர்ந்தது. அறுவை விகிதத்தில் தெளிவான மாற்றம் தென்படவில்லை. ஆகவே, உறவினரை உள்ளே விட்டால் சிசேரியன் தானாகக் குறையும் என்று வாக்களிப்பது சரியன்று. தமிழ்நாட்டில் ஐந்தாவது கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் இது 63.8, அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணங்கள் பல. ஒரு நாற்காலி அவற்றை மாற்றிவிடாது.

அப்படியானால் உறவுத் துணை எதற்கு? வலியில் இருக்கும் பெண் தனியாக விடப்படாமல் இருப்பதே போதிய காரணம். மேலும் ஓர் உடலியல் காரணமும் உண்டு. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் சுரப்பு, பெண் பாதுகாப்பாக உணரும்போது சீராக இருக்கிறது. பயமும் வெட்கமும் கூடும்போது அட்ரினலின் ஏறி வலியின் ஒழுங்கு கெடலாம். வீட்டில் நன்றாக வந்துகொண்டிருந்த வலி ஆஸ்பத்திரி வாசல் ஏறியதும் நின்றுபோனது என்று பெண்கள் சொல்வதில் இந்த உண்மையும் கலந்திருக்கலாம்.

அறையின் அமைப்பைப் பற்றியும் ஆய்வுகள் நடந்துள்ளன. கனடாவின் டொரான்டோ நகரில் 62 பெண்களைக் கொண்டு நடந்த ஒரு சிறு ஆய்வில், வழக்கமான பிரசவக் கட்டிலை அகற்றிவிட்டு மூலையில் அகலமான மெத்தை போட்டார்கள். 2009-இல் வெளியான அதன் முடிவின்படி, அந்த அறையில் இருந்தவர்கள் அதிக நேரம் நடந்தும் உட்கார்ந்தும் கழித்தார்கள். அவர்களுக்கு வலி கூட்டும் மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால் ஜெர்மனியில் பின்னர் இதே கருத்தில் பெரிய அளவில் நடந்த ஆய்வில் இயல்புப் பிரசவ விகிதம் உயரவில்லை. அறை மட்டும் மாறி, அதில் பணிபுரியும் முறை மாறாவிட்டால் பலன் குறைவு என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

துணையின் அனுபவத்தையே மையமாக வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது. பிரசவ நேரத்தில் பதிவு செய்த காணொளிகளை வைத்து ஆராய்ந்தபோது, துணையாக வந்தவர்கள் இரட்டை மனநிலையில் தவிப்பது தெரிந்தது. தான் தேவைப்படுகிறேன் என்பதும் தெரிகிறது. இடைஞ்சலாக நிற்கிறேன் என்பதும் தெரிகிறது. பையை எங்கே வைப்பது, எந்த இடத்தில் நின்றால் யாரும் முறைக்க மாட்டார்கள் என்பதிலேயே அவர்களின் கவனம் சிதறுகிறது. நம் ஊர் லேபர் வார்டு வாசலில் கூடையோடு நிற்கும் எந்த அம்மாவுக்கும் இது புதுச் செய்தி அல்ல.

திரை

மாவட்ட அளவிலான பெரிய மருத்துவமனைகளில் பிரசவ அறை பொதுவாக ஒரே நீள்கூடம். இதைத் தனித்தனி அறைகளாக இடித்துக் கட்டப் பணமும் நாளும் வேண்டும். அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியது தடுப்பு.

சக்கரம் வைத்த துணித்தடுப்பு எங்கும் கிடைக்கிறது. ஆனால் அவசரத்தில் அதைத் தள்ளிவிடுவார்கள்; பிறகு அது மூலையிலேயே கிடக்கும். கூரையில் பொருத்திய கம்பியில் ஓடும் திரை நிலையானது. தரையிலிருந்து ஓரடி இடைவெளி விட்டால் கழுவித் துடைக்க எளிது. யார் நிற்கிறார்கள் என்பதும் காலைப் பார்த்தே தெரியும். துணியைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். மாற்றுத் துணி ஒரு செட் இருக்க வேண்டும். இரத்தமும் பனிநீரும் தெறிக்கும் இடத்தில் துவைக்க முடியாத திரை, திரை இல்லாததைவிடக் கேடு.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. திரையைப் போட்டால் காற்று நின்றுவிடும். கூடத்தின் நடுவில் ஓடும் நான்கு மின்விசிறிகளை நம்பி அமைத்த அறையில், சித்திரை வெயிலில் நாலாபுறமும் திரையை இழுத்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். பத்து நிமிடத்தில் யாராவது திரையை ஒதுக்கிவிடுவார்கள். அதோடு மறைப்பும் போயிற்று. எனவே ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் தனிச் சுவர் விசிறி வேண்டும். அல்லது திரையின் மேற்பகுதி ஒன்றரை அடிக்கு வலைத்துணியாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வரைபடங்களில் இந்தப் பிரச்சினை இருக்காது. அங்கே அறை குளிரூட்டப்பட்டிருக்கும்.

திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் அலறுவதைக் கேட்டபடி முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பது கொடுமை. நான்கடி உயரச் செங்கல் சுவர் எழுப்பி, அதற்கு மேல் திரை போட்டால் ஓசை ஓரளவு மட்டுப்படும். செவிலியர் தன் மேசையிலிருந்து எழுந்து நின்றால் எல்லாத் தடுப்புகளின் மேல்பாகமும் தெரியும். சுவரின் உள்பக்கம் துணைக்கான கொக்கி, அலமாரித் தட்டு ஆகியவற்றைப் பதிக்கவும் இடம் கிடைக்கும்.

தலைமாட்டில் மூன்றடி

பிரசவக் கட்டில் ஏறத்தாழ ஆறடி நீளம், மூன்றடி அகலம். கால்மாட்டில் பிரசவம் பார்ப்பவருக்கு நான்கடியாவது வேண்டும். ஒரு பக்கம் குளுக்கோஸ் கம்பியும் மருந்துத் தள்ளுவண்டியும் வந்துபோகும். குழந்தையை வைக்கும் வார்மர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் போக எஞ்சுவது தலைமாட்டின் மறுபக்கம். துணையின் இடம் அதுதான். அங்கே மூன்றடிக்கு மூன்றடி ஒதுக்கினால் போதும்.

ஆனால் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடும் பழக்கம் இருப்பதால் அந்த மூன்றடி பல இடங்களில் காணாமல்போகிறது. அதன் பிறகு துணை காலருகே நிற்கிறார்; செவிலியர் இடிபடுகிறார்; "வெளியே போம்மா" என்ற குரல் எழுகிறது. கட்டிலை இரண்டடி நகர்த்தியிருந்தால் அந்தச் சொல்லுக்கே வேலை இருந்திருக்காது.

அந்த இடத்தில் சக்கரமில்லாத, முதுகு சாயும் நாற்காலி ஒன்று வேண்டும். முக்காலி போட்டால் ஐம்பது வயதுத் தாய் எட்டு மணி நேரம் உட்கார முடியாது. உயரம் கட்டிலோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கையைப் பிடிக்கவே எழுந்து நிற்க வேண்டியிருக்கும். தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டு, கோட்டுக்கு இந்தப்பக்கம் துணைக்கு, அந்தப்பக்கம் மருத்துவப் பணிக்கு என்று காட்டலாம். கோடு இருந்தால் துணைக்கும் தன் இடம் இதுதான் என்ற உறுதி வரும். இடைஞ்சலாக நிற்கிறோமோ என்ற கூச்சம் போகும். வார்மர் துணையின் பார்வையில் படும்படி இருப்பதும் நல்லது. குழந்தையை எங்கே கொண்டுபோனார்கள் என்ற பதற்றம் தாய்க்கும் துணைக்கும் இல்லாமல்போகும். குழந்தை மாறிவிட்டது என்ற சந்தேகத்துக்கும் இடமிருக்காது.

வலிக்கு ஓர் இடம், பிரசவத்துக்கு ஒரு மேசை, பிறகு வேறொரு வார்டு என்று பெண்ணை மூன்று முறை மாற்றுவது பழைய முறை. மாற்றும் ஒவ்வொரு முறையும் துணை பின்தங்குகிறார். அடுத்த கதவில் மீண்டும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. வலி, பிரசவம், பிந்தைய கவனிப்பு மூன்றும் ஒரே கட்டிலில் நடக்கும் ஏற்பாட்டை 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் பிரசவ அறைத் தரப்படுத்தல் வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. துணைக்கு இதைவிட உதவும் மாற்றம் வேறில்லை.

நடையும் கழிவறையும்

முதல் கட்ட வலியில் நடப்பதும் நிமிர்ந்திருப்பதும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நடக்க இடம் வேண்டுமே. வெளிநடையில் பத்துப் பதினைந்து மீட்டருக்குச் சுவரோரக் கைப்பிடி அமைத்தால், வலி வரும்போது பிடித்துக்கொண்டு நிற்கலாம். துணை பின்னிருந்து இடுப்பை அழுத்திவிடலாம். சீரகத் தண்ணீரோ கஞ்சியோ கொடுக்க நடைக்கோடியில் ஒரு திண்ணை போதும்.

கழிவறை பிரசவ அறையோடு ஒட்டி இருக்க வேண்டும். இருவர் நிற்கும் அகலம், சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஆகியவை அவசியம். உள்ளே பெண் மயங்கி விழுந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. இது மிகச் சிறிய விவரம். புதுக் கட்டடங்களிலும் தவறிப்போகிறது.

துணையின் துணிப்பை

விழுப்புரம் மாவட்டம் 1993-இல் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகும் விழுப்புரம், விக்கிரவாண்டி, வானூர், திண்டிவனம், மரக்காணம், செஞ்சி, மேல்மலையனூர், கண்டாச்சிபுரம், திருவெண்ணெய்நல்லூர் என ஒன்பது வட்டங்கள் அதில் உள்ளன. மரக்காணத்து உப்பளங்கள் முதல் செஞ்சிக் குன்றுகள் வரை பரந்த கிராமப் பகுதி இது. மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையான விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010 முதல் முண்டியம்பாக்கத்தில், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இயங்குகிறது. திண்டிவனம் அரசு மருத்துவமனை வடபகுதிக்கு ஆதாரம். சிக்கலான சில பிரசவங்கள் புதுச்சேரி ஜிப்மர் வரை போகின்றன.

மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரவு வலி கண்ட பெண்ணை 108 வண்டியில் ஏற்றினால், முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். இரத்த அழுத்தம் கூடியிருந்தால் அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து முண்டியம்பாக்கம். வண்டியில் ஏறும் ஒருவர்தான் துணை. பெரும்பாலும் அம்மா அல்லது மாமியார். கையில் ஒரு கட்டைப்பை: பழம்புடவைகள், பிளாஸ்க், டம்ளர், தட்டு, பாய், ஆதார் அட்டை, தாய்சேய் நல அட்டை, சுருக்குப்பையில் கொஞ்சம் பணம். அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பிவர முடியாது. பிரசவமாகி வீடு திரும்பும்வரை மூன்று நாளோ, அறுவை என்றால் ஒரு வாரமோ, மருத்துவமனைதான் அவருக்கு வீடு.

2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் தாய்க்கு இலவச உணவு உண்டு, துணைக்கு இல்லை. அவர் சாப்பிட வெளியே போகும் அரைமணியில்தான் பல நேரம் பிள்ளை பிறக்கிறது. துணை தங்கும் கூடம் பிரசவப் பகுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அந்தக் கூடத்தில் படுக்க அகலமான சிமெண்ட் திண்ணை, பூட்டக்கூடிய சிறு அலமாரிகள், குடிநீரும் வெந்நீரும், குளியலறை, துணி உலர்த்தக் கொடிக்கம்பி, செல்போன் சார்ஜ் போடப் பிளக் ஆகியவை வேண்டும். செல்போனை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். இரத்தம் வேண்டும் என்றாலோ, இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்புகிறோம் என்றாலோ ஊரிலிருக்கும் ஆண்களை அழைக்க அது ஒன்றுதான் வழி. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் இம்மாவட்டத்தை மூழ்கடித்தது போன்ற நாட்களில், மரத்தடியில் பாய் விரித்துக் காத்திருக்கும் ஏற்பாடு என்னவாகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களின் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு நேரத்தில் ஒரு பிரசவம், ஓரிரு மேசைகள். கதவைச் சாத்தினால் அதுவே தனியறை. துணையை உள்ளே வைத்துக்கொள்வதும் கணவரை அனுமதிப்பதும் அங்கே எளிது. சிக்கல் என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படும் பெண்தான் அதிகம் பயந்திருப்பவள். கூட்டம் மிகுதியான அந்த இடத்தில்தான் துணையை உள்ளே விடுவது கடினமாகிறது. திட்டமிடுபவர்கள் பணத்தை முதலில் எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு இதுவே வழிகாட்டும்.

செவிலியரின் பக்கம்

துணையை அனுமதிக்கத் தயங்கும் செவிலியரைக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவுகட்டுவது எளிது. ஓர் இரவுப் பணியில் மூன்று பெண்களைப் பார்க்கும் ஒரு சிஸ்டரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். மூன்று துணைகள் என்றால் அறையில் மூன்று பேர் கூடுதல். அவர்களில் ஒருவர் மயங்கி விழலாம். ஒருவர் "ஏன் இன்னும் ஊசி போடலை" என்று சத்தம் போடலாம். ஏதேனும் தவறு நேர்ந்தால் உறவினர்கள் கைநீட்டும் அச்சமும் உண்டு. மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

அமைப்பு இதில் பெரிதும் உதவும். நுழைவிலேயே கைகழுவும் தொட்டி, செருப்பு வைக்கும் தட்டு, மாற்றுக் கவுன், துணைக்கான வண்ண அட்டை ஆகியவை ஒரே வரிசையில் இருந்தால், யார் வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் வாதாட வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு ஓர் அட்டை. அட்டை கைமாறினால் ஆளும் மாறலாம். பல இடங்களில் கதவைத் திறக்கவும் "ஆண் குழந்தையா, பெண் குழந்தையா" என்று சொல்லவும் காசு கேட்கும் பழக்கம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. துணை உள்ளேயே இருந்தால் அந்த வியாபாரத்துக்குச் சரக்கே இருக்காது. கதவு சிலருக்கு வருமானமாக இருக்கும்வரை துணைத் திட்டத்துக்கு எதிர்ப்பு மருத்துவக் காரணங்களால் மட்டும் வருவதில்லை.

துணைக்கு இரண்டு நிமிடம் சொல்லிக்கொடுத்தால் அவர் பாரமாக இல்லாமல் கையாளாகிவிடுகிறார். எப்போது செவிலியரைக் கூப்பிட வேண்டும், வயிற்றை ஏன் அமுக்கக் கூடாது, குழந்தை பிறந்ததும் தாயின் மார்பில் போட்டு எப்படி மூடுவது, சீம்பாலை ஏன் கறந்து கொட்டக் கூடாது என்பவற்றைப் படங்களாகக் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில், துணையின் கண்மட்டத்தில் ஒட்டலாம். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு மிகுவதை முதலில் கவனிப்பவர் பல நேரம் அருகில் இருக்கும் துணைதான்.

அறுவை அரங்கின் கதவு

இயல்புப் பிரசவம் அறுவையாக மாறும் நொடியில் துணைக்கான ஏற்பாடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கட்டில் தள்ளப்படுகிறது, கதவு மூடுகிறது, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனை அறுவை அரங்குக்குள் உறவினரை விடுவது இப்போதைக்கு நடைமுறையில் இல்லை. ஆனால் அரங்கு வாசலில் இரண்டு நாற்காலி, யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் பலகை, குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டுவதற்கு மறைவான ஓர் இடம் ஆகியவற்றைப் போட முடியும். கையெழுத்து வாங்கும் இடமும் நடைபாதையில் நின்றபடி அல்லாமல், உட்கார்ந்து கேள்வி கேட்கும்படி ஒரு மேசையாக இருக்கலாம்.

துணை இல்லாதவர்கள்

செங்கல் சூளைகளிலும் கட்டட வேலையிலும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களில், பிரசவத்துக்கு வரத் தாயோ மாமியாரோ அருகில் இருப்பதில்லை. திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் இருளர் குடும்பங்களில் சிலர் மருத்துவமனை வாசலில் கேள்விகளுக்கு அஞ்சித் தயங்கி நிற்பார்கள். கணவர் மட்டுமே துணை என்றால் பொதுக்கூடத்தில் அவருக்கு இடமில்லை. இவர்களுக்காக, பிரசவப் பகுதியின் ஓரத்தில் ஒரே ஒரு தடுப்பையாவது முழுக் கதவோடு தனியறையாக்கி, வெளிநடையிலிருந்து நேராக நுழையும்படி அமைப்பது நல்லது. கணவர் மற்றப் பெண்களைக் கடந்து போக வேண்டியிராது. கணவரும் இல்லாதவருக்கு, மருத்துவமனையே பயிற்சி கொடுத்து வைத்திருக்கும் பெண் ஒருவர் துணையாகலாம். காக்ரேன் ஆய்வில் அறுவைச் சிகிச்சையைக் குறைத்தது இப்படிப்பட்ட பயிற்சி பெற்ற துணையே. அவர் இரவில் தங்க ஓர் அறையும் பிரசவப் பகுதியின் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.